வியாழக்கிழமைகளில் நான் இல்லாத அறை

ஜனவரி 9, வியாழன்

இந்த நோட்டு கல்லூரி கொடுத்தது. நீல அட்டை. முதல் பக்கத்தில் 'வழிகாட்டியின் பதிவேடு' என்று அச்சடித்திருக்கிறார்கள். பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுக்க, தொழிலில் அடிபட்டுத் தேறிய பழைய மாணவர்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து பிள்ளைகள். வியாழன்தோறும் மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை. நடந்ததை நடந்தபடி இதில் எழுத வேண்டும், ஆனால் யாரும் வாங்கிப் பார்க்கமாட்டோம் என்று ஒருங்கிணைப்பாளர் மெர்சி மேடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். யாரும் படிக்காத இடத்தில் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் முயன்று பார்க்கிறேன்.

பன்னிரண்டில் ஒருவன் தண்டபாணி ஆகிய நான். வயது ஐம்பத்திரண்டு. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருபத்துநாலு வருஷமாக இருக்கிறேன், இப்போது பர்ச்சேஸ் மேனேஜர். தலைமுடி போன இடம் தெரியாது, தொப்பை வந்த வழி தெரியும்.

யாருக்கு எந்தத் தலைப்பு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். வங்கிக்காரர் ஒருவருக்கு 'நேர நிர்வாகம்' வந்தது. அவர் கூட்டத்துக்கு நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தவர். எனக்கு வந்த சீட்டில் 'ரகசியம் காத்தல்' என்று இருந்தது. அவரிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவருக்கு அவர் தலைப்புப் பிடித்துவிட்டதாம்.

வீட்டில் சொன்னேன். சுகந்தி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கா? எங்கக்கா பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற சங்கதி, அவளுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நம்ம காய்கறிக்காரருக்குத் தெரிஞ்சுதுங்களே."

என் பெயரைக் கல்லூரிக்குக் கொடுத்தது கனகராஜ். அந்தக் காலத்தில் ஒரே பெஞ்சு. முப்பத்துநாலு வருஷ சிநேகம். நான் படித்து முடித்து வேலை தேடினேன், அவன் படித்து முடித்து முதலாளியின் மகளைக் கட்டினான். இன்று அவன் டைரக்டர். வியாழக்கிழமை மதியம் அவன் அறையில் நிர்வாகக் கூட்டம் நடக்கும். பல வருஷமாக நானும் போய் உட்காருவேன்.

"டேய் தண்டூ, மீட்டிங்க நான் பாத்துக்கறேன். நீ காலேஜுக்குப் போ. உன்னாட்ட ஆளுதான் போகோணும்" என்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஜி.எம். சுப்பையன் மார்ச் 31 ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு என்னை உட்காரவைப்பதற்கு முன்னால் கொஞ்சம் பாலிஷ் போடுகிறான். காலேஜ், மேடை, வழிகாட்டி என்று நாலு வார்த்தை பெயருக்குப் பின்னால் சேரட்டும் என்று நினைக்கிறான்.

ஜனவரி 10, வெள்ளி

ஜி.எம். விஷயத்தைக் கேன்டீன் குஞ்ஞப்பனிடம் மட்டும் சொன்னேன். பாலக்காட்டுக்காரர். கேன்டீன் குத்தகை பதினோரு வருஷமாக அவருடையது. வெளியே விடாதீர்கள் என்று சொல்லித்தான் சொன்னேன். மாலை நாலு மணிக்கு ஸ்டோர்ஸில் மூன்று பேர் கைகுலுக்கினார்கள். என்ன மனிதர்கள்.

ஜனவரி 23, வியாழன்

முதல் வகுப்பு. ஐந்து பிள்ளைகள். நாலு பேர் ஃபோனைப் பார்த்தார்கள், ஐந்தாவது பிள்ளை என்னைப் பார்த்தது. பெயர் பவதாரணி. கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் எடுத்துப் பார்த்து வைப்பவள்.

ரகசியம் ஏன் முக்கியம் என்பதை விளக்க மூன்று உண்மைச் சம்பவங்கள் சொன்னேன். எங்கள் சப்ளையர் ஒருவர் ஏன் இரண்டாவது மனைவியை விட்டு முதல் மனைவியிடமே திரும்பினார் என்பது அதில் ஒன்று. பிள்ளைகள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டார்கள். என் பேச்சுக்கு அந்தச் சக்தி உண்டு.

முடித்ததும் பவதாரணி கையைத் தூக்கினாள்.

"சார், இதெல்லாம் உங்ககிட்ட சொன்னவங்களுக்கு, நீங்க எங்ககிட்ட சொல்றது தெரியுங்களா?"

மற்ற நாலும் சிரித்தன. நானும் சிரித்தேன். பிறகு எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கிக்கொடுத்தேன். வாயை அடைக்க அதைவிட நல்ல பொருள் கல்லூரி கேன்டீனில் இல்லை. அவள் இரண்டு சாப்பிட்டாள்.

ஜனவரி 25, சனி

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. வருங்கால ஜி.எம். வெந்நீர்ப் பையோடு படுத்திருக்கிறார்.

பிப்ரவரி 6, வியாழன்

திட்டத்தில் 'நிழல் நாள்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஒரு பிள்ளை ஒரு மேலதிகாரியின் பின்னாலேயே நடக்க வேண்டும். அவர் உட்கார்ந்தால் உட்கார வேண்டும், கூட்டத்தில் குறிப்பு எடுக்க வேண்டும். பவதாரணிக்குக் கனகராஜ். அடுத்த வியாழன்.

நானே அவளைத் தயார்செய்தேன்.

"பாரும்மா, அந்த ரூம்ல கேக்கறது அந்த ரூமோட சரி. வெளியில வந்து என்கிட்டகூடச் சொல்லக்கூடாது."

"உங்ககிட்டகூடவாங்க சார்?"

"என்கிட்ட முக்கியமாச் சொல்லக்கூடாது. நான் கேட்டாலும் சொல்லக்கூடாது. அதுதான் பரீட்சைன்னு வச்சுக்கோ."

சொல்லும்போது எனக்கே கொஞ்சம் புல்லரித்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பழனி போகவில்லை, கூட்டத்தைத் தாங்குகிற இடுப்பு இப்போது இல்லை. மருதமலை அடிவாரத்தில் நின்று கும்பிட்டேன். கேட்டது ஒன்றுதான். முருகனுக்கும் தெரியும்.

பிப்ரவரி 13, வியாழன்

பவதாரணி எங்கள் கம்பெனியில், நான் அவள் கல்லூரியில். ஆள் மாற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. மீதி நாலு பேரும் அவள் இல்லாத தைரியத்தில் இன்னும் இரண்டு சப்ளையர் கதைகளைக் கேட்டு வாங்கினார்கள்.

பிப்ரவரி 15, சனி

சுப்பையன் விடுமுறை. அவர் அறைக்குப் போய் ஜன்னல் அளவெடுத்தேன். திரை மாற்றவேண்டும். மேஜை தெற்கு பார்த்திருக்கிறது, அதையும் திருப்பவேண்டும். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்த ஸ்டோர்ஸ் பையன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பவதாரணி இன்று சரியாகப் பேசவில்லை. பப்ஸைத் தட்டோடு தள்ளி வைத்துவிட்டாள். "கனகராஜ் சார்கிட்ட என்ன கத்துக்கிட்டே" என்றேன். "நிறையங்க சார்" என்றாள். அதற்கு மேல் பெயரவில்லை. மெச்சிக்கொண்டேன்.

எல்லோரும் போனபின் நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம். ரூம்ல கேட்டது ஒருத்தரப் பத்தி. அவருக்குத் தெரிஞ்சா அவருக்கு நல்லது. அப்பவும் சொல்லக்கூடாதுங்களா?"

நல்ல கேள்வி. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து பதில் சொன்னேன்.

"கூடாது. நல்லது கெட்டது பாக்கறது உன் வேலை இல்ல. இன்னிக்கி ஒருத்தருக்காக வாயத் தொறந்தீன்னா, நாளைக்கு ஒருத்தரும் உன்ன ரூமுக்குள்ள விடமாட்டாங்க."

"சரிங்க சார்" என்றாள். எழுதிக்கூட வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 27, வியாழன்

மெர்சி மேடம் இனிப்போடு வந்தார். நிழல் நாளில் பவதாரணி எடுத்த குறிப்பைப் பார்த்து அசந்துபோன கனகராஜ், பரீட்சை முடிந்ததும் எங்கள் கம்பெனியில் நிர்வாகப் பயிற்சியாளராகச் சேரச் சொல்லிவிட்டானாம். அவள் ஏற்கெனவே சென்னையில் ஒரு கம்பெனியில் தேர்வாகியிருந்தாள். வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று அதை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டாளாம்.

"ரொம்ப நல்லது. ஜூன்ல வந்து எனக்குக் கீழதான் வேலை பாக்கப்போறே. ஜி.எம். ரூமுக்குத் திரைகூட ஆர்டர் குடுத்தாச்சு, பச்சை" என்றேன்.

அவள் கையிலிருந்த லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், திரை தைக்கறதுக்கு முன்னாடி கனகராஜ் சார்கிட்ட ஒரு தடவ நேரா பேசிருங்களேன்."

"ஏம்மா, பச்சை அவனுக்குப் பிடிக்காதா?"

"அதில்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய இடத்தைப் பார்த்தால் ஒரு பயம்.

மார்ச் 5, புதன்

காலை பத்தரை. கேன்டீன். குஞ்ஞப்பன் என் டீயை அவரே கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சாரே, ஞான் சொன்னதா வெளியில வரக்கூடாது. ஜி.எம். போஸ்ட்டுக்குப் புனேலேர்ந்து ஒரு ஆள் வருது. ஏப்ரல் ஒண்ணாம் தேதி."

"யார் சொன்னா?"

"ஆரும் சொல்லண்டா. டீ கொண்டுபோனது ஞான்தான். கனகராஜ் சாருடெ ரூம்ல வச்சு முடிவு பண்ணிச்சு. நீங்க வேண்டாம்னு சார்தான் சொன்னது. மூணு வாரம் ஆயி. ஏழு டீ. ஆறு டைரக்டர்மாரு, பின்னே அந்தக் காலேஜ்குட்டி. அதுதான் எல்லாம் எழுதியெடுத்தது."

டீ ஆறிவிட்டது. குடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

கல்லூரிக்குப் போகவில்லை. கனகராஜ் அறைக்குப் போனேன்.

"புனேக்காரன் யாருடா?"

அவன் பேனாவை மூடினான். "உக்காரு."

"நின்னுக்கறேன்."

"நானே சொல்லோணும்னுதான் இருந்தேன். மாசக் கடைசியில..."

"கடைசியில எதுக்கு? அவனுக்கு மாலை வாங்கறதுக்கா? சரிதான், மாலை பர்ச்சேஸ்ல வருமில்ல."

அவன் சிரிக்கவில்லை. நான் பேசி அவன் சிரிக்காதது அபூர்வம்.

"தண்டூ, வேலையில உன்ன ஒருத்தன் கொறை சொல்ல முடியாது. ஆனா ஜி.எம்.கிட்ட ஒண்ணச் சொன்னா அது அங்கயே நிக்கோணும். மதுரை டிப்போவ மூடலாமா வேண்டாமான்னு நாங்க பேசிக்கூட முடிக்கல. அந்த டிப்போ வாட்ச்மேன் எனக்கு ஃபோன் போட்டு, நான் இனி எங்கீங்க போவேன்னு அழுவறான்."

அந்த டிப்போ சங்கதியை நான் குஞ்ஞப்பன் ஒருவரிடம்தான் சொன்னேன். வாட்ச்மேன்வரை எப்படிப் போனது என்பது எனக்கு இன்றுவரை புதிர்.

"அப்ப, வியாழக்கிழமையாப் பாத்து என்ன காலேஜுக்கு அனுப்பினது?"

அவன் மேஜைக் காலண்டரை நேராக நிமிர்த்தி வைத்தான். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"நாங்களும் உக்காந்து பேசோணுமில்லடா."

பன்னிரண்டு பேரில் ஒருவனாக, மேடையேற்றி, சால்வை போட்டு, கையில் நீல நோட்டுக் கொடுத்து, நல்ல முறையில்தான் வெளியே அனுப்பியிருக்கிறான். நான் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் என் இடத்தில் ஒரு மூன்றாம் வருஷத்துப் பிள்ளையை உட்காரவைத்திருக்கிறான்.

"சரி, உனக்கு யாரு சொன்னது?" என்றான்.

நான் பேசவில்லை.

"போர்டுக்காரங்க சொல்லமாட்டாங்க. அந்தப் பிள்ளையா?"

டீ கொண்டு வந்தவரை அவன் எண்ணவில்லை. டீ கொண்டு வருபவரை யாருமே எண்ணுவதில்லை.

"அவதானே? பரவால்ல, சொல்லு."

சுவரில் எங்கள் பம்ப்செட் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஐந்து ஹெச்.பி. மோனோபிளாக். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டும். குஞ்ஞப்பனின் குத்தகை ஏப்ரலில் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அவர் பெயர் வெளியே வந்தால் பதினோரு வருஷம் போச்சு. ஆகவே ஒரு குடும்பஸ்தரைக் காப்பாற்றத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. வேறு காரணம் இல்லை. அவள் இரண்டு வியாழன் என் எதிரில் உட்கார்ந்து, நான் திரைக்கு என்ன நிறம் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம். அதை இதோடு சேர்க்கக்கூடாது.

மார்ச் 7, வெள்ளி

மின்விசிறி ரெகுலேட்டர் மாற்றினேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 8, சனி

சுகந்தியிடம் சொன்னேன். புனேக்காரன், கனகராஜ், அந்தப் பிள்ளை எல்லாம் சொன்னேன். கனகராஜ் கேட்டதையும் நான் நின்றதையும் சொல்லவில்லை. நான் அவளிடம் பாதி சொல்லி நிறுத்துவது இதுதான் முதல் தடவை.

"அந்தப் புள்ளை மேல எதுக்குங்க கோவம்? நீங்க சொல்லிக்குடுத்ததத்தானுங்க செஞ்சிருக்கா" என்றாள்.

சாதம் குழைந்திருந்ததைச் சுட்டிக்காட்டினேன்.

மார்ச் 13, வியாழன்

காய்ச்சல் என்று கல்லூரிக்குச் சொல்லிவிட்டேன். மாலை மெர்சி மேடம் ஃபோன் செய்தார். பவதாரணிக்குக் கொடுத்த வேலையைக் கம்பெனி ரத்து செய்துவிட்டதாம். காரணம் எழுதவில்லையாம். சென்னைக்காரர்கள் அந்த இடத்துக்கு வேறு பிள்ளையை எடுத்துவிட்டார்களாம்.

"உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா சார்?"

"அப்படிங்களா" என்றேன். காய்ச்சல்காரனுக்கு அதற்குமேல் குரல் வரக்கூடாது.

மார்ச் 20, வியாழன்

நிறைவு விழா. போகாமல் இருக்க வழியில்லை, பன்னிரண்டு பேருக்கும் மேடையில் நினைவுப் பரிசு. நேர நிர்வாகம் வங்கிக்காரர் விழா முடிந்தபின் வந்து தன்னுடையதை வாங்கிக்கொண்டார்.

வண்டி நிறுத்துமிடத்தில் பவதாரணி நின்றுகொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்ங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில்தான் இருந்தது.

"கனகராஜ் சாரப் போய்ப் பாத்தேனுங்க. நான் யார்கிட்டயும் சொல்லலைன்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"'தண்டபாணிகிட்டயே கேட்டுட்டேன், அவன் இல்லைன்னு சொல்லலியே'ன்னாருங்க."

பக்கத்தில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

"எங்கப்பாகிட்டகூட நான் சொல்லலைங்க சார். உங்ககிட்ட மறைச்சுட்டு நீங்க வாங்கித்தர்றதத் திங்க மனசு வரலைங்க. அதான் பப்ஸ் வேண்டாம்பேன். வேலை போயிருச்சுன்னதும் எங்கம்மா அழுதாங்க. நான் அழுவலைங்க. நீங்க இருக்கீங்கன்னு தைரியமா இருந்தேன்."

"நானா?"

"உங்களால எதையும் உள்ள வச்சுக்க முடியாதுங்களே சார். எப்படியும் உண்மையச் சொல்லிப்போடுவீங்கன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லியிருக்கலாம். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். "வர்றனுங்க" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் முதல் வேலையாகக் கனகராஜ் அறைக்குப் போனேன். இந்த முறை உட்கார்ந்தேன்.

"அந்தப் பிள்ளை ஒண்ணும் சொல்லலடா."

"அப்ப யாரு?"

"அது வேற எடம்."

"பேரச் சொல்லு."

கேன்டீன் குத்தகைக் காகிதம் அவன் மேஜைமேலேயே இருந்தது, கையெழுத்துக்கு. அதன்மேல் கண் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

"பேரச் சொல்லமாட்டேன். ஆனா அவ இல்ல."

"போடா. அழுதுட்டு வந்து நின்னிருப்பா. நீயும் பாவம் பாத்துட்டு வந்துட்டே. முப்பத்துநாலு வருஷமா உன்னத் தெரியாதா எனக்கு? தெரிஞ்ச பேர உன்னால சொல்லாம இருக்க முடியுமா?"

உண்மையைத்தான் சொன்னேன். சத்தியம்கூடச் செய்தேன். காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த காகிதத்தைப் புரட்டினான். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"சரிடா. நான்தான்."

"என்ன நான்தான்?"

"அன்னிக்கிக் காலேஜ்ல பிள்ளைகளை மூணு மணிக்கே விட்டுட்டேன். என்னைய விட்டுட்டு என்ன பேசறீங்கன்னு மனசு கேக்கல. இங்க வந்து உன் ரூம் கதவுல காத வச்சு ஒட்டுக்கேட்டேன். எல்லாம் கேட்டேன்."

புரட்டுவதை நிறுத்தினான். நான் காத்திருந்தேன். எத்தனை மணிக்கு வந்தாய், எந்தப் பக்கம் நின்றாய் என்று கேட்பான். அட போடா, நீயாவது அப்படிச் செய்வதாவது என்பான். ஏதாவது ஒன்று.

"அப்படிச் சொல்லு" என்றான். முகத்தில் ஒரு நிம்மதி. "நெனச்சேன்டா."

உடனே மெர்சி மேடத்துக்கு ஃபோன் போட்டான். என் எதிரிலேயே பேசினான். "தப்பு எங்க பக்கந்தானுங்க மேடம். எங்க ஆளு ஒருத்தர் செஞ்ச வேலை. அந்தப் பொண்ண ஜூன்ல வந்து சேரச் சொல்லுங்க." நிறையப் பேசவில்லை. எங்க ஆளு ஒருத்தர் என்று சொல்லும்போது என் பக்கம் பார்த்துக் கையமர்த்தினான், பெயர் சொல்லமாட்டேன் என்பதுபோல.

அவள் வருவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. வந்தால் எந்த முகத்தோடு குட்மார்னிங் சொல்வது என்றும் தெரியவில்லை.

எழுந்து வந்தேன். கனகராஜ் அறைக்குக் கண்ணாடிக் கதவு. மேலிருந்து கீழ்வரை ஒரே கண்ணாடி, மறைவுக்கு ஒரு பூவோ கோடோ கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் ஆர்டர் கொடுத்தவன் நான், யார் வந்து நின்றாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியவேண்டும் என்று கேட்டு வாங்கியவன் அவன். அவன் நாற்காலி அந்தக் கதவைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறது. அதைத் தள்ளித் திறந்துகொண்டுதான் வெளியே வந்தேன். நான் மாடிப்படி திரும்பும்வரை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.